அந்தப் படத்தில் இருப்பது எங்க அம்மாயி

கேள்வி: நீலகிரியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் 'உலகக் குடிமக்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கென்று ஒரு பாடத்தொகுப்பை விலைக்கு வாங்கியிருக்கிறோம். இங்கிலாந்துப் பள்ளி ஒன்றோடு காணொளி அழைப்பும் உண்டு. தொகுப்பில் தேநீரைப் பற்றி ஒரு பாடம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம், அதன் கீழே மூன்று கேள்விகள்: இவர் எங்கே வாழ்கிறார்? இவருக்கு என்னென்ன வசதிகள் இல்லை? இவருக்கு நீ எப்படி உதவுவாய்? ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது எங்க அம்மாயி மாதிரியே இருக்கு. அம்மாயிக்கு எப்படி உதவுறதுன்னு எழுதணுமா?" என்று கேட்டாள். அம்மாயி என்றால் அவளுடைய அம்மாவின் அம்மா. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அன்றிலிருந்து அந்தப் பாடத்தைத் தொட எனக்கு மனம் வரவில்லை. தாளாளர் நவம்பருக்குள் முடிக்கச் சொல்கிறார். காலனிய நீக்கம் (காலனிய ஆட்சி விட்டுப்போன பார்வையைப் பாடத்திலிருந்து களைவது), மாற்றுப் பார்வை என்று ஏதேதோ படித்துப் பார்த்தேன். திங்கட்கிழமை வகுப்பில் போய் என்ன செய்வது என்பது மட்டும் எதிலும் இல்லை.

— குன்னூர் பக்கமிருந்து ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசிவிடுவோம். தாளாளரும் தொகுப்பும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

அவளை வகுப்பு முன்னால் நிறுத்தி, "உங்க அம்மாயி கதையைச் சொல்லும்மா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நல்ல மனசோடு ஆசிரியர்கள் செய்கிற தப்பு இது. நானும் செய்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு வருமுன் பத்து வருஷம் பள்ளியில் இருந்தேன். கல்லுடைக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனை 'உழைப்பு' என்ற பாடத்துக்காகப் பேச வைத்தேன். நன்றாகத்தான் பேசினான், எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் அவனுக்குப் பெயர் 'கல்லு'. வருஷக் கடைசி வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை. எனக்கு அது தெரிய வந்ததே மார்ச் மாதத்தில்தான்.

அவளைத் தனியாகக் கூப்பிடுங்கள். "நீ கேட்டது சரியான கேள்வி. எனக்கு உடனே பதில் தெரியல. அதனாலதான் பேசாம நின்னுட்டேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். ஆசிரியை தன்னிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொன்னதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை எத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் குடும்பத்தைப் பற்றி அவளாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பணித்தாள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதைவிட நல்ல பாடப்பொருள் உங்களுக்கு இந்த வருஷம் கிடைக்காது.

மூன்று கேள்விகளையும் இன்னொரு முறை படியுங்கள். அதில் ஒரு 'இவர்' இருக்கிறார், ஒரு 'நீ' இருக்கிறது. அந்த 'நீ' யார்? தேயிலைச் செடியையே பார்த்திராத, எங்கோ குளிர்நாட்டில் காலையில் ஒரு கோப்பை தேநீரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்காக எழுதிய தாள் ஒரு எழுத்துகூட மாறாமல் தேயிலைத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் பிள்ளைகள் சிரித்ததற்குக் காரணமும் அதுதான். பணித்தாள் அவர்களை 'நீ' பக்கம் உட்கார வைத்திருந்தது. ஒரு பெண் எழுந்து, நான் 'இவர்' வீட்டுப் பிள்ளை என்றதும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சங்கடத்தில் வந்த சிரிப்பு அது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திங்கட்கிழமை அந்தத் தாளை மறுபடி கொடுங்கள். இந்த முறை ஒரு வரலாற்று ஆவணமாகக் கொடுங்கள், அசோகர் கல்வெட்டைக் கொடுத்து இதை யார் எழுதினார், யாருக்கு எழுதினார் என்று கேட்பதைப் போல. இதை எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதியிருப்பார்? யார் கைக்குப் போகும் என்று நினைத்திருப்பார்? படம் எடுத்தவர் அந்த அம்மாவிடம் பெயர் கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் பெயர் ஏன் அச்சில் வரவில்லை? 'என்னென்ன வசதிகள் இல்லை' என்ற கேள்வியை எடுத்துவிட்டு 'இவருக்கு என்னென்ன தெரியும்' என்று போட்டால் பதில் எப்படி மாறும்? மழைக்கு எந்தச் சரிவு வழுக்கும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்த இடத்தில் ஒடிக்க வேண்டும், கூடை நிறைந்தால் எத்தனை கிலோ என்றெல்லாம் உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பேசவிடுங்கள். அரை மணி நேரத்தில் மணி அடித்துவிடும்.

நீங்கள் படித்த 'காலனிய நீக்கப் பார்வை'யில் வகுப்பறைக்குத் தேவையான பகுதி பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். பிரேசிலைச் சேர்ந்த கல்வியாளர் வனெஸ்ஸா அன்ட்ரியோட்டி 2006-இல் ஒரு கட்டுரையில் உலகக் குடிமைக் கல்வியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று மென்மையானது, மற்றது விமர்சன நோக்குடையது. மென்மையானதில் வறுமை என்றால் ஓர் இல்லாமை. அவர்களுக்குப் படிப்பில்லை, தண்ணீரில்லை, நம்மிடம் இருக்கிறது, கொடுப்போம். விமர்சன நோக்கோ இன்னும் ஒரு கேள்வி கேட்கும்: அவர்களிடம் இல்லாமல் போனதற்கும் நம்மிடம் இருப்பதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? உங்கள் தொகுப்பு முதல் ரகம். கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. இந்த வகைப் பாடங்களுக்கு நீண்ட பின்னணி உண்டு. தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாம் 1997-இலேயே பிரிட்டிஷ் பள்ளிகளுக்காக உலகக் குடிமைப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. ஐ.நா. பொதுச்செயலராக இருந்த பான் கி மூன் 2012-இல் இதைத் தன் கல்வித் திட்டத்தின் மூன்று நோக்கங்களில் ஒன்றாக அறிவித்தார். 2015-இல் நீடித்த வளர்ச்சிக்கான இலக்குகளில் 4.7 என்ற எண்ணில் ஏறியது. அங்கிருந்து எல்லா நாடுகளுக்கும் பரவிற்று. பாடம் பரவிய வேகத்தில், யார் 'நீ', யார் 'இவர்' என்பதைத் திரும்ப எழுத யாருக்கும் நேரமில்லை.

சரி, அடுத்து என்ன செய்வது? தொகுப்பில் பத்துப் பதினைந்து தலைப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் இப்படித் திருப்பிப் போட உங்களுக்கு நேரம் வராது, நானும் அதைச் சொல்லமாட்டேன். மற்றதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்சமாகும் வகுப்புகளை ஒரே ஒரு வருஷத்துக்குக் கொடுங்கள்: 1948. ஏன் அந்த வருஷம் என்று சொல்கிறேன்.

1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை ஏற்றது. உங்கள் தொகுப்பிலும் அது கட்டாயம் இருக்கும், பிள்ளைகள் கை கோத்து நிற்கும் படத்தோடு. அதன் 15-ஆவது பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு, காரணமின்றி அதை யாரிடமிருந்தும் பறிக்கக்கூடாது என்கிறது. அதற்குச் சரியாக 25 நாளைக்கு முன்னால், நவம்பர் 15 அன்று, இலங்கையில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. 1948-ஆம் ஆண்டு 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். அந்த நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த பல லட்சம் தமிழர்களை எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லாதவர்களாக ஆக்கியது. அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போயிற்று.

அவர்கள் எப்படி அங்கே போனார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். 19-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்காகக் கூட்டிப் போனார்கள். ஆள் சேர்க்கும் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுப்பார். அந்தக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு குடும்பம் குடும்பமாகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்கு முழுக் கணக்கு எவரிடமும் இல்லை. 1869-இல் காப்பி இலையில் துரு நோய் விழுந்து, அடுத்த இருபது வருஷத்தில் காப்பி அழிந்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும், ஆகவே போனவர்கள் அங்கேயே தங்கிப்போனார்கள். லயம் என்ற வரிசை வீட்டில் பிறந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, லயத்திலேயே செத்தார்கள். மூன்று தலைமுறை கழித்துச் சட்டம் வந்து கேட்டது: 'உன் தகப்பன் இலங்கையில் பிறந்தானா? இல்லையென்றால் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? காகிதம் காட்டு.' பிறப்பைப் பதிவது ஒழுங்காக நடக்காத தோட்டத்தில் எங்கிருந்து காகிதம் வரும்?

இதை வகுப்பில் நடத்த ஒரு வழி சொல்கிறேன். நாலு அட்டைகள் எழுதுங்கள், நாலு கற்பனைக் குடும்பங்கள். ஒருவருடைய தகப்பன் லயத்தில் பிறந்தவர், ஆனால் பதிவு இல்லை. ஒருவருடைய பாட்டன் பிறந்தது இலங்கையில், பூட்டன் பிறந்தது திருச்சிப் பக்கம். இன்னொருவரிடம் எல்லாக் காகிதமும் உண்டு, ஆனால் பெயரை எழுத்தர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார். நாலாவது, 1949-இல் பிறந்த குழந்தை. அதன் தகப்பனுக்குக் குடியுரிமை இல்லாததால் அதற்கும் இல்லை. இரண்டு பிள்ளைகளை அதிகாரிகளாக உட்கார வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம். பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக் காகிதங்களை எடுத்து வரச் சொல்லவே சொல்லாதீர்கள். எந்த வீட்டில் எந்தக் காகிதம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. இந்தக் காலத்தில் அந்தக் கேள்வி சில வீடுகளில் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

பிறகு 1964. அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 1974-இல் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதி பிரித்தார்கள். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். 'இதுல அந்த ஜனங்க கிட்ட யாராவது கேட்டாங்களா மிஸ்?' என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். இலங்கையில் மிஞ்சியவர்களின் சிக்கலைத் தீர்க்கக் கடைசியாக ஒரு சட்டம் வந்தது 2003-இல்.

இந்தியாவுக்கு வந்தவர்கள் கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பல ஊர்களுக்குப் போனார்கள். உங்கள் மாவட்டத்தில் அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-இலிருந்து அரசு தேயிலை பயிரிட்டது. இன்றைய டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) அப்படி வளர்ந்ததுதான். சர்க்கார் அவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பெரும்பாலோர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே இருந்தவரை 'இந்தியத் தமிழர்', இங்கே வந்ததும் 'சிலோன்காரர்'. உலகக் குடிமகன் என்ற சொல்லை இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு நாடும் குடிமகனாக ஏற்காதவர் உலகத்துக்குக் குடிமகனாக இருப்பது எப்படி? இதற்கு என்னிடமும் விடை இல்லை. எட்டாம் வகுப்பு யோசிக்கட்டும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு ஆசை வரும். வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம் என்று தோன்றும். முடித்துவிடாதீர்கள். 1948 சட்டத்தைப் போட்டது வெள்ளைக்கார துரை இல்லை, சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம். அந்த ஜனங்கள் ஊரை விட்டு ஓடியதற்குத் தாது வருஷப் பஞ்சம் ஒரு காரணம், பஞ்சத்திலும் மற்ற காலத்திலும் அவர்களைச் சேரிக்கு வெளியே வரவிடாத சாதி இன்னொரு காரணம். போனவர்களில் பெரும் பகுதி தலித்துகள். அவர்களுக்குத் தோட்டம் நரகம்தான். விட்டுவந்த ஊரைச் சொர்க்கமென்று நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

இன்னும் ஒன்று. திரும்பி வந்தவர்களுக்கென்று தேயிலை நட்ட மலைகள் ஏற்கெனவே வேறு யாரோ வாழ்ந்த காடு. கூடலூர்ப் பக்கம் பணியரும் குறும்பரும். மேலே உதகைப் பக்கம் தோடர்கள் எருமை மேய்த்த புல்வெளியை ஆங்கிலேயர்கள் 'தரிசு' என்று கணக்கெழுதித்தான் மரம் நட்டார்கள். வகுப்பில் ஆதிவாசிப் பிள்ளை ஒருவர் இருந்தால், இரண்டாவது அம்மாயி ஒருவரும் இந்தக் கதைக்குள் வந்துவிடுகிறார். விடுபட்டவர்கள் யார் என்று ஒரு வரிசையில் தேடினால் அந்த வரிசைக்குப் பின்னாலும் ஒரு வரிசை இருக்கும். பயப்படாதீர்கள். பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சுலபமாகப் புரியும்.

காலனிய நீக்கம் என்ற பெயரில் இப்போது வேறு ஒரு சரக்கும் கடைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் நம்மிடம் எல்லாம் இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான், பழைய குருகுலத்துக்குத் திரும்பினால் போதும் என்பார்கள். உங்கள் தாளாளருக்கு அது பிடித்தும் போகலாம். அந்தக் குருகுலத் திண்ணைக்கு வெளியே யார் நின்றார்கள் என்று ஒரே கேள்வி கேளுங்கள். இதற்கு உங்கள் மலையிலேயே ஆள் இருக்கிறார். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் வளர்ந்தது நீலகிரியில். 1870-இல் அங்கே அத்வைதானந்த சபையைத் தொடங்கினார். 1891-இல் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை நீலகிரியில் நடத்தினார். அங்கே போட்ட தீர்மானங்களில் பிள்ளைகளின் படிப்பும் ஒன்று. பிரம்மஞான சபையைச் சேர்ந்த அமெரிக்கரான ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று சென்னையில் பள்ளிகள் தொடங்கியதில் அயோத்திதாசருக்குப் பங்கு உண்டு. 1898-இல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றார். காலனிய ஆட்சி திறந்த சில கதவுகளை அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, உள்ளூர்க்காரர்கள் அதுவரை அவற்றைச் சாத்தித்தானே வைத்திருந்தார்கள். உலகக் குடிமகன் என்று சுவரொட்டியில் மண்டேலாவையும் தெரசாவையும் போடுகிற பள்ளிகள் இவரையும் போடலாம். போட்டுவிட்டு, இவர் ஆங்கிலேய ஆட்சியை ஏன் அப்படிப் பார்த்தார் என்று பிள்ளைகளைச் சண்டை போடவிடுங்கள்.

மனித உரிமைப் பிரகடனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மேலைநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல் இருந்ததை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்ற வைத்தவர் நம் பிரதிநிதி ஹன்சா மேத்தா. அதே சமயம், அன்று ஐ.நா.வில் இருந்தவை 58 நாடுகள்தான். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆதரித்து ஓட்டளித்த பிரிட்டனும் பிரான்சும் பெல்ஜியமும் அன்றைக்கும் பல நாடுகளை ஆண்டுகொண்டிருந்தன. இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

இப்போது காணொளி அழைப்பு. எனக்கு உண்மையில் இதில்தான் நம்பிக்கை அதிகம். அங்கேயும் 1948 ஒரு பெரிய வருஷம். ஜூன் 22-ஆம் தேதி எம்பயர் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து வந்தது. பிரிட்டனுக்குத் தொழிலாளிகள் தேவைப்பட்ட காலம். அந்த வருஷம் வந்த பிரிட்டிஷ் சட்டப்படி அவர்களும் குடிமக்கள்தான். எழுபது வருஷம் கழித்து, 2018-இல் ஒரு விஷயம் வெடித்தது. அப்படிக் குழந்தையாக வந்து, அங்கேயே படித்து, வேலை செய்து, வரி கட்டிய பலரிடம் காகிதம் காட்டச் சொல்லி, காட்ட முடியாதவர்களின் வேலையையும் வைத்தியத்தையும் நிறுத்தி, சிலரை நாட்டை விட்டே அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது எழுதிய பதிவு அட்டைகளை 2010-இல் உள்துறையே அழித்துவிட்டிருந்தது.

ஆகவே இரண்டு பள்ளிகளும் சேர்ந்து '1948: காகிதம்' என்று ஒரே வேலையைச் செய்யலாம். உங்கள் பிள்ளைகள் கப்பல் ஏறியவர்களைப் பற்றி, அவர்கள் கப்பலிலிருந்து இறங்கியவர்களைப் பற்றி. அந்த இங்கிலாந்து வகுப்பில் எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாக இருப்பார்கள் என்றும் நினைக்காதீர்கள். ஜமைக்காப் பாட்டி, வங்கதேசத்துச் சில்ஹெட் தாத்தா எல்லாம் அங்கேயும் இருப்பார்கள். அந்த ஆசிரியருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். அழைப்புக்கு முன் இரண்டு பக்கமும் கேள்விகளைப் பரிமாறிக்கொள்வோம், பாதிக் கேள்விகள் எங்களுடையவை, யாருடைய வீட்டையும் கேமராவில் காட்டச் சொல்லக் கூடாது. வழக்கமாக நடப்பது என்னவென்றால், அவர்கள் கேட்பார்கள், நாம் பதில் சொல்வோம், கடைசியில் நம் பிள்ளைகள் ஒரு நடனம் ஆடுவார்கள். நடனம் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்களும் ஆடட்டும்.

நம் பிள்ளைகள் கேட்க எத்தனையோ இருக்கிறது. உங்கள் பாடப்புத்தகத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு எத்தனை வரி? உங்கள் ஊரில் தேயிலையிலோ சர்க்கரையிலோ வந்த பணத்தில் கட்டிய கட்டடம் ஏதாவது உண்டா? நீங்கள் குடிக்கும் ஒரு பொட்டலம் தேயிலைக்கு என்ன விலை? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை வந்ததும், அன்றைக்குக் குன்னூரில் ஒரு கிலோ பச்சைத் தேயிலைக்கு என்ன விலை என்பதைப் பக்கத்தில் எழுதி, நடுவில் எத்தனை கை மாறுகிறது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியரையும் இழுத்துக்கொள்ளலாம்.

அழைப்பின்போது பிள்ளைகள் தமிழில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்களென்றால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறார்களோ அவர்களிடம் அது போகும். சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் பிரம்படி. நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம். பிற்காலத்தில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தன் பள்ளியில் கிகூயு பேசிய பிள்ளைகளுக்கு நடந்ததை எழுதியதைப் படித்தபோது திடுக்கிட்டேன். அங்கேயும் ஒரு பொருள் கை மாறியது, கழுத்தில் 'நான் மடையன்' என்று எழுதிய தகடு தொங்கியது. இரண்டு கண்டங்களில் ஒரே மரக்கட்டை. உலகமயம் என்றால் எனக்கு இன்னும் அதுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் பள்ளியில் அபராதமோ ஆங்கிலப் பதக்கமோ இருந்தால், உலகக் குடிமக்கள் திட்டம் நடக்கும் நாட்களிலாவது அதை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பாருங்கள். அம்மாயியைப் பற்றி ஒரு பிள்ளை அம்மாயி பேசும் மொழியில் சொல்லட்டும், பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கட்டும். இங்கிலாந்துப் பிள்ளைகள் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து விநாடியும் பாடத்தில் சேர்த்திதான்.

தாளாளரிடம் எப்படிப் பேசுவது? சண்டை வேண்டாம். யுனெஸ்கோ 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி அறிவு, மனப்பாங்கு, செயல் என்று மூன்று பகுதி கேட்கிறது. உள்ளூருக்கும் உலகத்துக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகள் காண வேண்டும் என்றும் கேட்கிறது. நீங்கள் சி.பி.எஸ்.இ. என்பதால் 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் உலகக் குடிமைக் கல்வி என்று பெயர் சொல்லியே இருக்கிறது. 1948 வேலை இந்த இரண்டுக்குள்ளும் பொருந்திவிடும். ஒரு பக்கத் திட்டம் எழுதிக் கொடுங்கள், கடைசியில் ஒரு கண்காட்சி என்று சேருங்கள். கண்காட்சி என்ற சொல் இல்லாமல் எந்தத் தாளாளரும் கையெழுத்துப் போடமாட்டார். பெற்றோரில் யாராவது "அரசியல் பேசுறீங்க" என்றால், சட்டத்தின் பெயரையும் தேதியையும் காட்டுங்கள், நீங்களாக எதையும் சேர்க்கவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு மேலும் கேட்டால் உங்கள் சமூக அறிவியல் பாடமே அரசியல்தானே, அதற்குத்தானே சம்பளம். இதை மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், வாயால் வேண்டாம்.

காலை வணக்கத்தில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாடுவீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாப் பள்ளியிலும் பாடுகிறார்கள். ஒரு நாள் அதே பாட்டின் கடைசி இரண்டு வரியை மட்டும் பாடச் சொல்லுங்கள்: 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' பாடிவிட்டு அந்தப் பணித்தாளின் மூன்றாவது கேள்விக்கு வரட்டும்.

உண்டியல் ஒன்றும் தொகுப்போடு வந்திருக்கும். அதில் ஏற்கெனவே விழுந்த காசை என்ன செய்வதென்று பிள்ளைகளே பேசி முடிவெடுக்கட்டும். நீங்கள் அனுப்பவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

கடைசியாக, அந்த அம்மாயி. பேத்தி தானாக, "அம்மாயியைக் கூட்டிட்டு வரட்டுமா மிஸ்?" என்று கேட்டால் மட்டும் வரச் சொல்லுங்கள். வந்தால் உங்கள் நாற்காலியைக் கொடுங்கள், பஸ் செலவைப் பள்ளிக் கணக்கில் போடுங்கள். அன்றைக்கு ஒரு நாள் கூலி போகிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்லச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். ஒரு கிளைக் கொழுந்து கொண்டுவந்து, எது நல்ல கொழுந்து, எது முற்றல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பிள்ளைகள் தப்புத் தப்பாகப் பறிப்பார்கள், அவர் திட்டுவார். கப்பல் கதையைச் சொல்ல அவருக்கு மனசிருந்தால் அதற்குப் பிறகு அவரே தொடங்குவார். மனசில்லாவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகட்டும்.